தலை தீபாவளி, நியூஜெர்சி நேரம்

சென்னையில் தீபாவளியன்று விடியற்காலை நாலரை மணி என்றால் நியூஜெர்சியில் முதல் நாள் மாலை ஏழு. இங்கே அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு தம்பியை எழுப்பிக்கொண்டிருக்கும்போது மகள் அங்கே இரவுச் சாப்பாட்டுக்குக் குக்கர் வைத்துக்கொண்டிருப்பாள். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று பழக்கதோஷத்தில் போனில் கேட்டுவிட்டு, "அடடா, உங்களுக்கு நாளைக்குத்தானே!" என்று அம்மா தன்னையே திருத்திக்கொள்வார். மறுநாள் மகளுக்கு நாலரை மணி ஆகும்போது சென்னையில் மதியம் இரண்டு. பாயசம் உண்ட மயக்கத்தில் வீடு தூங்கத் தொடங்கியிருக்கும்.

தலை தீபாவளி அந்த அபார்ட்மென்டில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நல்லெண்ணெயில் நாலு மிளகும் துளி ஓமமும் போட்டுக் காய்ச்சியாயிற்று. மனைப்பலகை கிடையாது. தரை முழுக்கக் கார்ப்பெட். எண்ணெய் சிந்தினால் வீட்டைக் காலி செய்யும் நாளில் அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அதனால் பழைய துண்டு ஒன்றை விரித்து உட்கார்கிறார்கள். உட்கார்ந்த பிறகுதான் கேள்வி வருகிறது: தலையில் எண்ணெய் வைப்பது யார்? ஊரில் பாட்டியோ அம்மாவோ அத்தையோ வைத்து, வாழ்த்தி, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பார்கள். இங்கே வீட்டிலேயே மூத்தவர் முப்பது வயது மாப்பிள்ளை. அவர் அவளுக்கு வைக்கிறார், அவள் அவருக்கு வைக்கிறாள். சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கண்ணும் கலங்குகிறது. சீயக்காய்த்தூள் டப்பின் வடிகாலை அடைத்துக்கொள்ளும் என்பதால் ஷாம்பூதான். ஒன்பது மணிக்கு அவருக்கு ஆபீஸ் மீட்டிங். ஒன்பதரை மணிக்குப் புதுப்புடவையோடு அவள் மட்டும் வீட்டில் இருக்கிறாள், ஆறு பேருக்குச் சமைக்க வேண்டிய பட்டியலோடு. மாலையில் அவருடைய நண்பர்கள் விருந்துக்கு வருகிறார்கள்.

இந்தக் கட்டுரைக்கு விஷயம் அந்தக் கடைசி வரிதான்.

தமிழ்நாட்டில் கல்யாணமான முதல் வருஷத்துப் பண்டிகைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவை ஒரு போக்குவரத்து அட்டவணைபோல இருப்பது தெரியும். ஆடி பிறந்தால் பெண்ணைப் பிறந்தகத்துக்கு அழைத்துப்போகிறார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் பெண்ணுக்குக் கிடைப்பது அம்மா வீட்டில் ஒரு மாதம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் சேர்ந்து மாமனார் வீட்டுக்குப் போகிறார். தலைப் பொங்கலுக்குத் திசை மாறும். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு எல்லாம் பிறந்தகத்திலிருந்து பெண் வாழும் வீட்டுக்குச் சீராக வந்து இறங்கும். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் விவரம் மாறும். சில வீடுகளில் ஆடிக்கே மாப்பிள்ளையை அழைத்துத் தேங்காய்ப் பால் கொடுப்பார்கள், சில வீடுகளில் கார்த்திகைக்கும் சீர் உண்டு. ஆனாலும் அடிப்படை ஒன்றே. இரண்டு வீடுகளுக்கு நடுவே போட்ட புதுப்பாதையில் முதல் வருஷம் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், புல் முளைத்துவிடக் கூடாது. அந்தப் பாதையில் புதுப்பெண் எங்கே போனாலும் விருந்தாளி. அடுப்படி முழுப்பொறுப்பு அவள் கைக்கு வரச் சில காலம் ஆகும்.

வரதட்சணையின் மறுபெயராகச் சீர் மாறிப்போன கொடுமையையும், மோதிரம் சிறுத்துவிட்டது என்று முகம் கோணிய மாப்பிள்ளைகளையும் நான் மறக்கவில்லை. அது தனிக்கதை. விருந்தாளியாக இருக்கும் உரிமையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அமெரிக்காவில் இறங்கிய முதல் வாரமே புதுப்பெண் அதை இழக்கிறாள். கணவனின் நண்பர்கள் பார்க்க வருகிறார்கள், சமைக்க அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. மாமியார் கை அடுப்படி இல்லையே என்று மகிழ்கிறவர்கள் உண்டு, நியாயமான மகிழ்ச்சிதான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கையும் பக்கத்தில் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியபிறகு போன தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெரும்பாலும் நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு போனார்கள். கூடப்போன மனைவிக்கும் அதே உரிமை கிடைத்தது. அவள் இறங்கிய மறுநாளே வேலை தேடலாம். அவர்களுக்குக் குறை வேறு மாதிரி. கறிவேப்பிலை கிடையாது, கோயில் கிடையாது, ஊருக்குப் பேசுவதென்றால் டிரங்க் கால். அந்தத் தலைமுறைதான் பணம் திரட்டி நியூயார்க் ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயிலையும், பிட்ஸ்பர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயிலையும் கட்டியது. இரண்டுக்கும் குடமுழுக்கு 1977-இல், ஒரு மாத இடைவெளியில் நடந்தது.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவைக் கொண்டுவந்தது. கணினித் துறையின் கல்யாணங்கள் அதன்மேல் நடந்தன. அந்த விசாக்காரரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4, அதாவது சார்ந்திருப்பவர் விசா. படிக்கலாம், கார் ஓட்டலாம், சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. வேலை அனுமதி இல்லாதவரைக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடையாது. வரித் தாக்கலுக்கு வேறொரு எண் தருவார்கள். அந்த எண்ணால் கடன் வரலாறு எளிதில் உருவாகாது. போன் கணவர் பெயரில், கரண்ட் பில் கணவர் பெயரில், வாடகை ஒப்பந்தத்தில் அவள் 'உடன் வசிப்பவர்'. அதே மாடிப்படியில் எதிர் வீட்டுப் பெண்ணின் கணவர் அதே ஊரில், அதே மாதிரி வேலைக்கு, தன் நிறுவனத்தின் இந்தியக் கிளையிலிருந்து எல்-1 விசாவில் வந்திருப்பார். அவர் மனைவி எல்-2. 2002 முதல் எல்-2 மனைவியர் வேலை செய்யலாம். இரண்டு பெண்களும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

2015 மே 26 முதல் எச்-4 மனைவியரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அந்த 'ஒரு பகுதி' யார் என்பதைக் கவனிக்க வேண்டும். கணவரின் கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்ற மனு ஒப்புதலாகியிருக்க வேண்டும், அல்லது அதே வழியில் அவர் ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். இரண்டுமே அங்கே சில வருஷம் வேலை பார்த்த பிறகு வருபவை. புதிதாக விசா வாங்கி, சூட்டோடு சூடாக ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு போகிறவரின் மனைவிக்கு இந்தச் சலுகை எட்டாது. ஐந்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அனுமதி உண்டு, புதுப்பெண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை. முதல் சில ஆண்டுகளில் இந்த அனுமதியைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள். இந்த விதியையும் நீக்கக் கோரிப் பத்து ஆண்டு வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ஏற்றது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. இப்போதைக்கு விதி பிழைத்திருக்கிறது.

இந்த வாழ்க்கையைப் பதிவு செய்தவர்கள் உண்டு. திருமணமாகி இதே விசாவில் போன மேக்னா தமானி 2007-இல் 'ஹார்ட்ஸ் சஸ்பெண்டட்' என்ற ஆவணப்படம் எடுத்தார். ஏமி பட் எழுதிய 'ஹை-டெக் ஹவுஸ்வைவ்ஸ்' 2018-இலும், பல்லவி பானர்ஜியின் 'தி ஆப்பர்சூனிட்டி ட்ராப்' 2022-இலும் வந்தன. பானர்ஜி கணினித் துறைக் குடும்பங்களோடு செவிலியர் குடும்பங்களையும் எடுத்துக்கொண்டார். அங்கே சார்ந்திருப்பவர் விசாவில் இருப்பது கணவன். விசாவின் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வீட்டுக்குள் நுழைந்து யார் பாத்திரம் தேய்ப்பது என்பது வரைக்கும் தீர்மானிப்பதை இப்படி இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, அன்றாடம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. சீராக வந்த மிக்ஸியை அப்படியே கொண்டுபோனால் காட்சிப் பொருளாகத்தான் வைக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் கோயம்புத்தூரிலேயே 110 வோல்ட் கிரைண்டர் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். கல்லோடு சேர்த்து ஒரு பெட்டியின் எடையில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். குளிர்காலத்தில் மாவு பொங்காது. ஓவனுக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து விளக்கை மட்டும் எரியவிடுவது என்ற வித்தை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. முறுக்கு பிழியும்போது எண்ணெய் புகைந்தால், அல்லது வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால், கூரையிலிருக்கும் புகை அலாரம் கத்தும். ஒருவர் அடுப்பைப் பார்க்க, இன்னொருவர் நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறும் காட்சி இல்லாத தமிழ்க் குடித்தனம் அங்கே இருக்க முடியாது.

கறிவேப்பிலைக் கதை சுவாரசியமானது. ஊரிலிருந்து ஈர்க்கோடு கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். காரணம் கெடுபிடி மட்டுமில்லை. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலைமேலும் வாழும். அந்தப் பூச்சி 1998-இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது, 2005-இல் நோயும் வந்தது. அந்த மாநிலத்தின் ஆரஞ்சுத் தோப்புகள் பாதாளத்துக்குப் போய்விட்டன. எனவே தாளிப்புக்கு எடுத்துப்போகும் ஒரு கொத்து அங்கே விவசாயப் பிரச்சினை. அரிசியும் அரசாங்கத்தின் கையில்தான். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியதும் அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் சோனா மசூரி மூட்டைக்குத் தள்ளுமுள்ளு ஆனது, குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று பலகை வைத்த கடைகளும் உண்டு. புதுக்குடித்தனம் தொடங்கிய வாரத்தில் அந்த வரிசையில் நின்ற பெண்ணுக்கு, ஊரில் ரேஷன் கடை வரிசையில் நின்ற பாட்டி நினைவுக்கு வந்திருப்பார்.

பண்டிகைக்கு வருவோம். அமெரிக்கத் தமிழர்களின் பண்டிகைகள் சனி ஞாயிறுக்கு நகர்ந்துவிட்டன. சங்கத்துப் பொங்கல் பிப்ரவரி கடைசியில்கூட, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கில் நடக்கும். ஆனால் எல்லாவற்றையும் நகர்த்த முடியாது. வரலட்சுமி நோன்பு வெள்ளிக்கிழமையில்தான் வரும். காரடையான் நோன்பு மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் சரடு கட்ட வேண்டிய நோன்பு. சூரியன் ராசி மாறுகிற அந்தக் கணம் உலகம் முழுக்க ஒன்றே, கடிகாரம்தான் வேறு. சென்னையில் மாலை என்றால் அங்கே காலை. தீபாவளி வேறு மாதிரி. விடியற்காலையில் சதுர்த்தசி இருக்க வேண்டும், விடியல் ஊருக்கு ஊர் வேறு. ஆகவே சில வருஷம் அமெரிக்கத் தீபாவளி நம்முடையதற்கு முந்தின தேதியிலேயே வந்துவிடும். 'எங்க ஊர்ப் பஞ்சாங்கப்படி' என்று மாமியார் அனுப்பும் தேதியும், அங்கே கோயில் அச்சிட்ட காலண்டரும் ஒத்துப்போகாதபோது யார் சொல்வதைக் கேட்பது? பல புதுப்பெண்கள் இதில் ராஜதந்திரம் கற்றுக்கொள்கிறார்கள். மாமியார் சொன்ன தேதியில் விளக்கேற்றிப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கோயில் சொன்ன தேதியில் சமைப்பது.

வேலை நாளில் வரும் நோன்பை அதன் நாளிலேயே, அதன் நேரத்திலேயே செய்ய யாரால் முடியும்? வேலைக்குப் போகிற பெண்களால் முடியாது. எச்-4 பெண்ணால் முடியும். அதனால்தான் வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் கலசம் வைத்து, முகம் சார்த்தி, கொழுக்கட்டை பிடித்துத் தயாராக இருக்கிறாள். மற்றவர்கள் ஆபீஸ் முடித்து, ஜீன்ஸ்மேல் குங்குமம் இட்டுக்கொண்டு வந்து தாம்பூலம் வாங்கிப்போகிறார்கள். நவராத்திரிக்கும் இதே கதை. அட்டைப் பெட்டியும் செருப்பு ஸ்டாண்டும் அடுக்கி வேட்டி விரித்த படியில், அம்மா கைப்பையில் வைத்துக் கொடுத்த மரப்பாச்சி ஜோடி நடுநாயகமாக நிற்கும். ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் அவளிடம், "எங்க அம்மா செய்வாங்க, எனக்குத் தெரியாது, நீ சொல்லு" என்று கேட்கிறார்கள். முதல் வருஷத்தில் விருந்தாளியாக இருந்திருக்க வேண்டியவள் ஊருக்கே பாட்டியாகிவிட்டாள். அவளைப் பற்றிக் கேட்டால், "வேலைக்குப் போகல, சும்மாதான் இருக்கா" என்பார்கள்.

இதில் பெருமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பண்பாட்டைக் காக்கிறாள் என்று மேடையில் சால்வை போர்த்துகிறவர்கள், அவளுக்கு வேலை அனுமதி இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை அவளும் ஆபீஸிலிருந்து ஓடி வந்திருப்பாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போய்வந்தால் என்ன? விமான டிக்கெட் மட்டும் கேள்வியில்லை. பாஸ்போர்ட்டில் குத்திய விசா ஸ்டாம்பின் தேதி முடிந்திருந்தால், போனவர் திரும்பிவரத் தூதரகத்தில் மறுபடி ஸ்டாம்பு வாங்க வேண்டும். 2025-இல், திரும்பிவர முடியாமல் போகுமோ என்ற பயம் உச்சத்துக்குப் போனது. செப்டம்பர் 19 அன்று, எச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. இருபத்தொன்றாம் தேதி பிறக்கும் நள்ளிரவிலிருந்து அமல். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று மறுநாள் விளக்கம் வருவதற்குள், புறப்படத் தயாராக நின்ற விமானத்திலிருந்து இறங்கிப் போனவர்களும், விடுமுறையைப் பாதியில் விட்டு ஓடியவர்களும் உண்டு. தலை தீபாவளிக்கு ஒரே மாதம் இருந்த நேரம் அது. டிசம்பரிலிருந்து எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் ஆராயத் தொடங்கினார்கள். இந்தியாவில் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின.

ஆள் போக முடியாவிட்டால் சீராவது போகலாம் அல்லவா? அந்தப் பாதையும் அந்த வருஷம் அடைபட்டது. சிறு பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பொட்டலம் ஏற்பதை ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தியது. மீண்டும் ஏற்கத் தொடங்கிய நாள் அக்டோபர் 15. தீபாவளி அக்டோபர் 20. தபாலாபீஸை நம்பிப் பட்டுப்புடவையும் தீபாவளி லேகியமும் கட்டிவைத்திருந்த அம்மாக்களின் பொட்டலங்கள் எப்போது போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பட்டாசைப் பற்றி ஒரு வரி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டில் கம்பி மத்தாப்பு கொளுத்துவதுகூடச் சட்டவிரோதம். தலை தீபாவளி மாப்பிள்ளைக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த பத்தாயிரம் வாலாவை அவர் வீடியோவில்தான் வெடிக்கக் கேட்கிறார், மச்சான் கொளுத்த.

இதைப் படிப்பவர்களில் பெண்ணுக்கு அமெரிக்க வரன் பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். நட்சத்திரமும் சம்பளமும் கேட்பதோடு நாலு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். மாப்பிள்ளையின் விசா எச்-1பியா, எல்-1ஆ? ஐ-140 ஒப்புதலாகிவிட்டதா? பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பு எந்தத் தேதிவரை? கிரீன் கார்டு கைக்கு வருவது கல்யாணத்துக்கு முன்பா, பின்பா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கிரீன் கார்டு வந்தபின் மணந்தால் மனைவி வேறொரு வரிசையில் நின்று காத்திருந்துதான் போய்ச் சேர முடியும். பெண்ணுக்கும் ஒன்று சொல்லி அனுப்புங்கள். விசா கணவன் வழியாக வந்திருந்தாலும், அடித்துக் கொடுமைப்படுத்தினால் எச்-4 மனைவி தனியாக வேலை அனுமதி கேட்க அந்த ஊர்ச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். எத்தனை பவுன் போடுவீர்கள் என்று அவர்கள் தயங்காமல்தான் கேட்டார்கள்.